எம்340ஐ – ஆக்டேவியா ஆர்எஸ்: அந்த ரெண்டு செகண்ட் எங்க ஒளிஞ்சிருக்கு?

#1 கொருக்கு_டர்போ

வணக்கம் மக்களே. ஒரு கணக்கு உதைக்குது.

பிஎம்டபிள்யூ எம்340ஐ எக்ஸ்டிரைவ்: மூணு லிட்டர், ஆறு சிலிண்டர், 374 குதிரை, 500 நியூட்டன் மீட்டர். நின்ன இடத்துலேர்ந்து 100 கிலோமீட்டர் வேகம் தொட (0-100) கம்பெனி சொல்றது 4.4 செகண்ட். 2025-ல 100 கார் மட்டும் இறக்குமதியாகி வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்: ரெண்டு லிட்டர், 265 குதிரை, 370 நியூட்டன் மீட்டர், 6.4 செகண்ட். எடை முன்னது 1,750 கிலோ பக்கம், பின்னது 1,500 பக்கம்.

டன்னுக்கு எத்தனை குதிரைன்னு வகுத்தா 214-க்கு 177. வித்தியாசம் 21 சதவீதம்தான். ஆனா நேரத்துல 45 சதவீதம் பின்தங்குது. மீதியை யார் தின்னது? நாலு சக்கரத்துக்கும் பவர் போறதுதான் காரணம்னு ஒரே வரியில முடிக்காதீங்க, எவ்வளவுன்னு வேணும். அடுத்து, ரெண்டு வண்டியையும் ட்ராக் டேயில (சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்ல ஓட்ட விடுற நாள்) பக்கத்துல நிறுத்தி அளக்கணும்னா என்னென்ன சரி பார்க்கணும்? ரோட்ல விடுற பேச்சே கிடையாது, அதை முதல்லயே சொல்லிடறேன்.

#2 பெரம்பூர்_லோகோ

தம்பி, பாதிக் கணக்கை நீங்களே போட்டுவிட்டீர்கள். பவர் மட்டும்தான் வித்தியாசம் என்றால் ஆர்எஸ் எடுக்க வேண்டிய நேரம் 4.4-ஐ 1.21-ஆல் பெருக்கினால் வரும் 5.3. கம்பெனி சொல்வது 6.4. உதைப்பது அந்த 1.1 செகண்ட். அது முழுக்க முன் டயருடையது; ஆர்எஸ்-ஸைத் தள்ளுவது முன் சக்கரம் இரண்டும் மட்டும்தான்.

எப்படி என்று பாருங்கள். ஆர்எஸ் நிற்கும்போது எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன் சக்கரத்தில். கிளம்பும்போது எடை பின்னால் சாயும். எவ்வளவு சாயும் என்பது ஈர்ப்பு மையத்தின் உயரத்தை வீல்பேஸால் வகுப்பதில் இருக்கிறது. உயரம் சுமார் 0.55 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், வீல்பேஸ் 2.68. வகுத்தால் 0.2.

டயர் பிடி 0.9 என்றால், முடுக்கம் = 0.9 × (0.60 − 0.2 × முடுக்கம்). தீர்த்தால் 0.46 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்). அதாவது ஒவ்வொரு செகண்டும் வேகம் செகண்டுக்கு 4.5 மீட்டர் கூடும். 50 கிலோமீட்டர் வேகம் என்பது செகண்டுக்கு 13.9 மீட்டர். வகுத்தால் 3.1 செகண்ட். எஞ்சினை 265-லிருந்து 400 ஆக்கினாலும் இந்த 3.1 அசையாது.

எம்340ஐ-யில் நாலு சக்கரமும் தள்ளுவதால் எடை எங்கே சாய்ந்தாலும் வீணில்லை. 0.85 ஜி கிடைத்தால் செகண்டுக்கு 8.3 மீட்டர், 50-க்கு 1.7 செகண்ட்.

இப்போது மிச்சத்தைப் பாருங்கள். 4.4-ல் 1.7 போனால் 2.7. 6.4-ல் 3.1 போனால் 3.3. இரண்டுக்கும் விகிதம் 1.22. நீங்கள் போட்ட 21 சதவீதம் இதோ வந்து நிற்கிறது. ஆக மொத்த இரண்டு செகண்டில் 1.4 செகண்ட், 50-ஐத் தொடும் முன்பே போய்விடுகிறது.

ரயில் எஞ்சினிலும் இதே கதைதான். இழுக்கும் பலம் மோட்டாரில் எவ்வளவு இருந்தாலும் சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்கும் அளவுக்கு மேல் பிரயோஜனமில்லை. அங்கே வழுக்கினால் மணல் தூவுவோம். காருக்கு அதே மணல்தான் எமன்.

#3 காசிமேடு_கன்ராட்

லோகோ சாரு கணக்கு ஷோக்கா கீது. அப்போ நல்ல டயரா மாட்டினா முடிஞ்சிபோச்சே? அதுல விஏக்யூ டிஃப்னு ஒண்ணு வேற கீதே, அது இன்னாத்துக்கு?

#4 பெரம்பூர்_லோகோ

பிடியை 0.9-லிருந்து 1.05 ஆக்குங்கள். 17 சதவீதம் கூடுதல். அதே சமன்பாட்டில் போட்டால் முடுக்கம் 0.52 ஜி, 50-க்கு 2.7 செகண்ட். லாபம் 0.4 செகண்ட், ஆனால் முடுக்கம் கூடியது 14 சதவீதம்தான். ஏன் 17 இல்லை? வேகமாகக் கிளம்பக் கிளம்ப எடை இன்னும் பின்னால் போகிறது; நல்ல டயர் தன் பலனில் கொஞ்சத்தைத் தானே தின்றுவிடுகிறது. முன் சக்கர வண்டிக்கு இது தலையெழுத்து.

விஏக்யூ என்பது மல்டிப்ளேட் கிளட்ச் வைத்த டிஃபரன்ஷியல், அதாவது இடது வலது சக்கரங்களுக்குப் பவரைப் பிரிக்கும் பாகம். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சுழன்றால் அடுத்த பக்கத்துக்கு டார்க்கை (சுழற்றும் விசையை) மாற்றும். வளைவிலிருந்து வெளியே வரும்போது அதன் அருமை தெரியும். நேர்கோட்டில் இரண்டு சக்கரமும் சேர்ந்து வழுக்கினால் யாரிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுக்கும்?

#5 எண்ணூர்_எக்ஸாஸ்ட்

காகிதக் கணக்கெல்லாம் சரி. எம்340ஐ 3.8 போட்டதா அமெரிக்கப் பத்திரிகை எழுதியிருக்கு. ஆர்எஸ் 5.7-ன்னு மீட்டரைப் படம் பிடிச்ச வீடியோ கிடக்கு. 4.4, 6.4-லாம் கம்பெனி பயந்துபோய் சொன்னது. அதை வெச்சு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?

#6 வியாசை_விபாக்ஸ்

எக்ஸாஸ்ட் ப்ரோ, நீங்க சொன்ன ரெண்டு நம்பரும் ரெண்டு வேற பந்தயம். ஒண்ணொண்ணா உரிக்கிறேன்.

அமெரிக்காக்காரன் அளக்கறது 60 மைல். அது 96.6 கிலோமீட்டர், 100 இல்ல. அந்த மூணரை கிலோமீட்டருக்கு மட்டும் இந்த வண்டிகளுக்கு 0.2 செகண்டுக்குக் குறையாம ஆகும். அதோட அங்க ஒரு அடி ரோல்-அவுட் கழிப்பாங்க. நேர்கோட்டு ரேஸ் நடக்கிற டிராக் ஸ்ட்ரிப்ல முன் டயர் ஒளிக்கற்றையை விட்டு நகர்ற வரைக்கும் கடிகாரம் ஓடாது, அந்தப் பழக்கம். முதல் 30 சென்டிமீட்டர் இலவசம்.

இந்த இலவசத்துல ஒரு வில்லங்கம் இருக்கு, நிறைய பேர் கவனிக்கறதில்ல. எல்லா வண்டிக்கும் ஒரே அளவு கழியாது. 0.85 ஜி-யில கிளம்புற எம்340ஐ அந்த 30 சென்டிமீட்டரை 0.27 செகண்ட்ல தாண்டும். 0.46 ஜி-யில கிளம்புற ஆர்எஸ் 0.37 எடுக்கும். அதாவது மெதுவா கிளம்புறவனுக்குத்தான் அதிக தள்ளுபடி! ஒரு வண்டிக்கு ரோல்-அவுட் போட்டு இன்னொண்ணுக்குப் போடாம ஒப்பிட்டா தீர்ப்பே மாறிடும். டிராகி மாதிரி ஜிபிஎஸ் பெட்டிகள்ல இதுக்கு ஆன்-ஆஃப் இருக்கு. ரெண்டு வண்டிக்கும் ஆஃப் பண்ணிட்டு எடுங்க; கம்பெனி நம்பரோட ஒப்பிட அதுதான் நியாயம்.

மீட்டர் வீடியோ சுத்தமா வேண்டாம். ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைவா காட்டக்கூடாதுன்னு சட்டம், கூடுதலா காட்டலாம். அதனால எல்லாக் கம்பெனியும் கொஞ்சம் தூக்கித்தான் வைப்பான். மீட்டர்ல 100 வரும்போது நிஜமா 95, 96-ல இருக்கலாம். ஆர்எஸ் அந்த வேகத்துல செகண்டுக்கு 11, 12 கிலோமீட்டர்தான் ஏறும், அதனால 5 கிலோமீட்டர் பொய்னா 0.4 செகண்ட் பொய். முன் சக்கரம் வழுக்கினா இன்னும் மோசம், மீட்டர் சக்கரத்தைக் கேட்டுச் சொல்லுது, ரோட்டை இல்ல.

மொபைல் ஜிபிஎஸ்? பெரும்பாலும் செகண்டுக்கு ஒரு தடவைதான் வேகம் சொல்லும். 0.9 ஜி-யில ஒரு செகண்டுக்குள்ள வண்டி 32 கிலோமீட்டர் ஏறிடும். நடுவுல நடந்தது எல்லாம் ஆப் போடற கற்பனைக் கோடு. 10 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 10 தடவை அளக்கிற) பெட்டினா ஒரு புள்ளிக்கு 3 கிலோமீட்டர், 25 ஹெர்ட்ஸ்னா ஒண்ணே கால். குறைஞ்சது 10. ரெண்டு வண்டிக்கும் ஒரே பெட்டி, ஒரே இடத்துல, டேஷ்போர்டு மேல கண்ணாடிக்கு அடியில. சில கார்ல கண்ணாடிக்கு வெப்பம் தடுக்கிற உலோகப் பூச்சு இருக்கும், சிக்னல் தடுமாறும். அப்படி இருந்தா கூரை மேல காந்த ஆன்டெனா வெக்கிற பெட்டியா பாருங்க. ஆன் பண்ணி ரெண்டு நிமிஷமாவது நிக்கணும், சாட்டிலைட் பிடிச்ச உடனே ஓட்டினா முதல் ரன் குப்பை.

சரிவு: 1 சதவீதம் இறக்கம்னா ஆர்எஸ்-க்கு 0.15 செகண்ட் லாபம், எம்340ஐ-க்கு 0.07. கண்ணுக்கு 1 சதவீதம் சமதளமாத்தான் தெரியும், 100 மீட்டருக்கு ஒரு மீட்டர். அதனால ரெண்டு திசையிலயும் ஓட்டி சராசரி எடுக்கணும். ட்ராக்ல எதிர்த்திசை விடமாட்டான், அப்போ ரெண்டு வண்டியும் ஒரே கோட்டுலேர்ந்து கிளம்பணும்.

#7 கொருக்கு_டர்போ

அண்ணா, மதியத்துக்கு மேல கடல் காத்து வருமே, அது?

#8 வியாசை_விபாக்ஸ்

100 வரைக்கும் காத்து பெரிசா ஒண்ணும் பண்ணாது. 15 கிலோமீட்டர் காத்து முதுகுல அடிச்சாலும் 100-ல கிடைக்கிற உதவி அந்த 1 சதவீதச் சரிவுல கிடைக்கிறதுல பாதிதான். கால் மைல் ஓட்டினா மட்டும் கவலைப்படுங்க.

#9 மணலி_நியூட்டன்மீட்டர்

எடை 1,750 பக்கம், 1,500 பக்கம்னு எல்லாரும் "பக்கம்" போட்டுக்கிட்டே போறீங்க. வடசென்னையில உக்காந்துகிட்டு எடைக்கு பஞ்சமா? மாதவரம், மணலி புதுநகர், ஆண்டார்குப்பம் பக்கம் கன்டெய்னர் யார்டு இருக்கிற இடத்துல எல்லாம் வே பிரிட்ஜ், அதான் லாரி எடை மேடை. லாரிக்கு வாங்கறதைவிட கம்மியா வாங்கிக்கிட்டு சீட்டு அடிச்சுக் குடுப்பாங்க.

ஆனா கார் எடை போடறதுல சூட்சுமம் இருக்கு. 60 டன் பிரிட்ஜ் 10 கிலோ இல்ல 20 கிலோ படியாத்தான் காட்டும். 20 படி இருக்கிறதுல போட்டா காருக்கு 1 சதவீதம் அங்கேயே போச்சு. கேபின்ல மீட்டர் பெட்டியில ஒட்டியிருக்கிற தகட்டைப் பாருங்க, "ஈ =" போட்டு எழுதியிருக்கும். 5 கிலோ படி உள்ள சின்ன பிரிட்ஜ் கிடைச்சா அதுதான் யோகம்.

போகும்போது டேங்க் ரெண்டு வண்டியிலயும் ஒரே மாதிரி. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ, 30 லிட்டர் வித்தியாசம்னா 22 கிலோ. முதல்ல வண்டி முழுசா மேடைக்கு நடுவுல. எஞ்சின் ஆஃப், டிரைவர் இறங்கிடணும், முள் நிக்கிற வரைக்கும் காத்திருங்க. லாரி பின்னால ஹாரன் அடிப்பான், அசையாதீங்க. அப்புறம் மெல்ல முன்னாடி நகர்த்தி முன் சக்கரம் மேடையை விட்டு இறங்கி, பின் சக்கரம் மட்டும் மேடையில நிக்கிற மாதிரி நிறுத்துங்க. அது பின் அச்சு எடை. மொத்தத்துல கழிச்சா முன் அச்சு. இதுல ஒண்ணு முக்கியம்: மேடையும் அதை ஒட்டின தரையும் ஒரே மட்டத்துல இருக்கணும். லாரி ஏறி ஏறி ஓரத்துல பள்ளம் விழுந்திருந்தா முன் சக்கரம் தாழ்ந்து எடை முன்னுக்கு சாயும், பின் அச்சு பொய் சொல்லும். சந்தேகம்னா திரும்பி வந்து எதிர்ப்பக்கத்துலேர்ந்து முன் அச்சைத் தனியா போடுங்க. ரெண்டும் கூட்டினா மொத்தத்தோட ஒரு படிக்குள்ள ஒத்துப்போகணும்.

லோகோ சார் ஆர்எஸ்-க்கு வெச்ச 60 சதவீதம் இப்படித்தான் நிரூபணம் ஆகணும். 62 வந்தா லாஞ்ச் (நின்ன இடத்துலேர்ந்து கிளப்பறது) கொஞ்சம் நல்லா இருக்கும், 58-ன்னா மோசம். டிக்கியில ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணி கேன் எல்லாம் வெச்சுக்கிட்டு முன் சக்கர வண்டியில லாஞ்ச் பண்றவங்க இதை யோசிக்கணும். எடை கூடுதல்ங்கறது அப்புறம், அது பின்னால இருக்கிறதுதான் பிரச்சனை.

#10 பெரம்பூர்_லோகோ

அருமை. சீட்டை வைத்து என் சமன்பாட்டில் மறுபடி போடுங்கள். ஈர்ப்பு மைய உயரம்தான் இன்னும் என் ஊகம், 0.50 போட்டாலும் 0.60 போட்டாலும் விடை 0.47-க்கும் 0.45-க்கும் நடுவில்தான் நிற்கும், பெரிய ஆபத்தில்லை.

#11 எண்ணூர்_எக்ஸாஸ்ட்

சரி, மீட்டர் வீடியோவை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஒரு சந்தேகம். 2021-ல எம்340ஐ இங்க வந்தப்போ 387 குதிரை. அப்புறம் வந்த ஃபேஸ்லிஃப்ட் 374. ரெண்டுக்கும் 4.4-ன்னே போட்டான். 13 குதிரை எங்க போச்சு?

#12 வியாசை_விபாக்ஸ்

மூணரை சதவீதம். 50-க்கு மேல இருக்கிற 2.7 செகண்ட்ல அது 0.1-க்குக் கொஞ்சம் குறைவு. 50-க்குக் கீழ எதுவும் மாறாது. கம்பெனி ஒரு தசமத்துக்கு ரவுண்டு பண்ணித்தான் போடறான். செகண்ட் ஹேண்ட்ல 2021 வண்டி பார்க்கிறவங்க அந்த 13 குதிரைக்காக அதிகம் குடுக்காதீங்க. சிங்கப்பெருமாள் கோவில்ல கோத்த வண்டிதான் ரெண்டும். எம்340ஐ-யோட அந்த பி58 எஞ்சின், பவர் அளக்கிற டைனோ மெஷின்ல ஏத்தினா காகிதத்துல போட்டதைவிட ஜாஸ்தியாவே காட்டும்னு பேர் வாங்கினது.

#13 காசிமேடு_கன்ராட்

இப்போ லாஞ்ச் கன்ட்ரோல், வண்டியே ஆர்பிஎம்மைப் பிடிச்சு வெச்சு சீக்கிரமா கிளப்பற வசதி. பேருக்கு பட்டன் கீதுன்னு சொல்லிக்கினு பாதிப்பேரு தப்பாவே பண்றான்.

பிஎம்டபிள்யூ: எஞ்சின், கியர்பாக்ஸ் ரெண்டும் நல்லா சூடு ஏறணும். 10 கிலோமீட்டராவது நிக்காம ஓட்டிகினு வா, புக்குலயே போட்டுகீது. ஸ்டீரிங் நேரா. சக்கரம் வழுக்காம பாத்துக்கிற டிஎஸ்சி பட்டனை ஒரு தட்டு தட்டினா டிராக்‌ஷன் மோடு வரும். கியரு எஸ்-ல. இடது காலால பிரேக்கை நல்லா அழுத்து, பாதி மனசா அழுத்தினா வண்டி ஊரும், சிஸ்டம் ஏத்துக்காது. வலது கால் ஆக்சிலேட்டரை அடி வரைக்கும், கிக்டவுன் க்ளிக் தாண்டற வரைக்கும். மீட்டர்ல கொடி மாதிரி ஒரு படம் வரும். வந்தா மூணு செகண்டுக்குள்ள பிரேக்கை விட்டுடணும். கொடி வரலையா? முக்காவாசி கேஸ்ல தரை மேட்டு பெடலுக்கு அடியில சுருண்டு கிடக்கும், கிக்டவுன் தொடாது. அதை முதல்ல பாரு, அப்பால ஸ்கேனரு. ஒரு லாஞ்சுக்கு அப்பால கியர்பாக்ஸ் ஆற அஞ்சு நிமிசம் வேணும்.

ஆர்எஸ்: ஸ்டார்ட்-ஸ்டாப், ஆட்டோ ஹோல்டு ஆஃப். அதே வேலை பண்ற இஎஸ்சி-ய ஸ்போர்ட்ல வை. கியரு எஸ். பிரேக்கு, ஆக்சிலேட்டரு அதே மாதிரி. ஆர்பிஎம் 3,000-த்த தாண்டி ஒரு இடத்துல நிக்கும். பிரேக்கை பட்டுனு விடு. மெதுவா விட்டா ஈரக் கிளட்ச்சு வழுக்கிகினே கீது, எண்ணெய் காயுது, டைமும் போச்சு.

வித்தியாசம் இன்னான்னா, பிஎம்டபிள்யூல கீற இசட்எஃப் கியர்பாக்ஸோட டார்க் கன்வர்ட்டரு எண்ணெய்லயே டார்க்கைப் பெருக்கித் தள்ளும், பொறுத்துக்கும். ஆர்எஸ்-ஸோட டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் கிளட்சைத் தேச்சு கிளப்புது. அத்தொட்டு தொடர்ந்து அஞ்சாறு லாஞ்சு போட்டா சிஸ்டமே வேணாம்னு சொல்லிடும். பேஜாரு பண்ணாத, ஆற விடு.

முன் சக்கரம் தடதடன்னு துள்ளுச்சுன்னா அந்த செகண்டே காலை எடு. டயரு பிடிச்சு விட்டு பிடிச்சு விட்டு அடிக்கிற அடி நேரா டிரைவ் ஷாஃப்ட் சிவி ஜாயிண்டுக்கும் எஞ்சின் மவுண்டுக்கும் போவுது. ஒரு தசம டைமுக்காக ஷாஃப்டை முறிச்சுக்காத. தரையில தூசி இருந்தா லாஞ்ச் கன்ட்ரோலைவிட 2,000 ஆர்பிஎம்ல சாதுவா கிளப்பி, ரெண்டு வண்டி நீளம் போனதும் முழுசா மிதிக்கிறதே முன் சக்கர வண்டிக்கு சீக்கிரமா போவும். ரெண்டு வகையும் எடுத்துப் பாரு, நம்பரு சொல்லும்.

#14 ராயபுரம்_ரேடியேட்டர்

லேட்டா வரேன். யாரும் வெயிலைப் பத்திப் பேசலையே, நம்ம ஊர்ல இருந்துகிட்டு.

மே மாசம் சாயங்காலம் 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம்னு வைங்க. டிசம்பர் விடியற்காலை 22 டிகிரி. ஒரு கன மீட்டர் காத்துல இருக்கிற உலர் காத்து மே மாசத்துல 5 சதவீதம் குறைவு. ஈரப்பதமும் சேர்ந்துதான் இந்தக் குறைவு, நீராவி இடத்தை அடைச்சுக்குது, எரியாது. டர்போ அந்த 5 சதவீதத்தைக் கூட அழுத்தி ஈடு கட்டப் பார்க்கும். ஆனா கூட அழுத்தினா காத்து சூடாகும். சூடான காத்து உள்ளே போனா நாக் சென்சார் பெட்ரோல் தப்பா வெடிக்கிற சத்தம் கேட்டு இக்னிஷனை, அதாவது பொறி விழற நேரத்தை, பின்னால தள்ளும். பவர் அங்கதான் சாயும்.

இந்த இடத்துல ரெண்டு வண்டியும் ரெண்டு சுபாவம். எம்340ஐ-யில இன்டர்கூலர் (டர்போ அழுத்தின காத்தை ஆற வைக்கிறது) தண்ணியால குளிர்றது, இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளயே உக்காந்திருக்கு. தண்ணி நிறைய சூட்டைக் குடிக்கும், அதனால முதல் ரன், ரெண்டாவது ரன் அசராது. ஆனா ஒரு தடவை தண்ணி சூடேறிட்டா இறங்க நேரமாகும். ஆர்எஸ்-ல காத்துக்குக் காத்து, முன்னால பம்பருக்குப் பின்னாடி. நின்னா உடனே சூடாகும், 60-ல ஒரு கிலோமீட்டர் ஓடினா உடனே ஆறும்.

இதோட விளைவைப் பாருங்க. ட்ராக் டேயில வரிசையில 15 நிமிஷம் எஞ்சின் ஓட்டிக்கிட்டே நிக்கறீங்க. ஆர்எஸ் கொதிச்சுப் போய் நிக்கும், எம்340ஐ தேவலாம். அப்பவே ஒப்பிட்டா ஆர்எஸ்-க்கு அநியாயம். மாறா, அடுத்தடுத்து நாலு ரன் விட்டு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு சுத்து மெதுவா வந்தா ஆர்எஸ் அதே நம்பரைப் போடும், எம்340ஐ நாலாவதுல தளரும். அதனால வண்டியோட சோதனை சாக்கெட்டான ஓபிடி-யில ஒரு ஸ்கேனர் செருகி இன்டேக் காத்து வெப்பத்தை ஒவ்வொரு ரன் தொடக்கத்துலயும் எழுதி வைங்க. சென்சார் ஒண்ணு இன்டர்கூலருக்கு முன்னாடி, ஒண்ணு பின்னாடி இருக்கும்; பின்னாடி இருக்கிறதுதான் வேணும். அது வெளி வெப்பத்தைவிட 15 டிகிரிக்கு மேல இருந்தா அந்த ரன்னைத் தனியா வைங்க, சராசரியில சேர்க்காதீங்க.

#15 கொருக்கு_டர்போ

அப்போ பெட்ரோல்? 100 ஆக்டேன் எக்ஸ்பி100 போட்டா ரெண்டும் சமமாகுமா?

#16 ராயபுரம்_ரேடியேட்டர்

100 ஆக்டேன் தானா பவர் சேர்க்காது. வெயில்ல பின்னால தள்ளின இக்னிஷனைத் திரும்ப முன்னுக்குக் கொண்டுவர இடம் குடுக்கும், அவ்வளவுதான். டிசம்பர் காலையில வித்தியாசமே தெரியாம போகலாம். ரெண்டு வண்டிக்கும் ஒரே பங்க், ஒரே நாள். டேங்க்ல பழசு பாதி இருக்கும்போது மேல ஊத்தினா 100 கிடைக்காது, கலவைதான் கிடைக்கும். ரிசர்வ் வரைக்கும் இறக்கி நிரப்பி, 50 கிலோமீட்டராவது ஓட்டுங்க. எஞ்சின் கம்ப்யூட்டர் (ஈசியூ) நாக் கணக்கைப் புதுசாக் கத்துக்கணும்.

#17 பெரம்பூர்_லோகோ

0-100 மட்டும் எடுத்தால் டயரைத்தான் அளந்தோம் என்பது இதுவரை தெளிவாகியிருக்கும். எஞ்சினை அளக்க வேண்டுமானால் இரண்டு வழி.

ஒன்று, 80-120. இங்கே பிடி பிரச்சனை இல்லை. ஆனால் டி-யில் வைத்து மிதித்தால் கியர் இறங்கும் நேரமும் சேரும், இசட்எஃப்-க்கும் டிஎஸ்ஜி-க்கும் அது வேறு வேறு. மேனுவலில் மூன்றாவது போட்டு, 70-லிருந்தே முழுசாக மிதித்து, 80 தாண்டும்போது டர்போ நிறைந்திருக்கும்படி எடுங்கள். பிறகு டி-யில் ஒரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கியர்பாக்ஸின் மந்தம்.

இரண்டு, கால் மைல், அதாவது 402 மீட்டர். அதில் நேரத்தைப் பார்க்காதீர்கள், கோட்டைத் தாண்டும் வேகத்தைப் பாருங்கள். லாஞ்ச் சொதப்பினால் நேரம் அரை செகண்ட் போகும், கடைசி வேகம் பெரிதாக அசையாது. அந்த வேகம் பவர்-எடை விகிதத்தின் கன மூலத்தோடு போகும். 1.21-க்குக் கன மூலம் 1.066. எம்340ஐ-யின் கடைசி வேகம் ஆர்எஸ்-ஸைவிட 6, 7 சதவீதம் அதிகம் இருந்தால் கம்பெனிக் கணக்கு சரி. 10 சதவீதம் வந்தால் பவர்-எடை விகிதம் 33 சதவீதம் கூடுதல் என்று பொருள். ஒன்று பி58 பெயருக்கு ஏற்றபடி கூடுதலாகத் தருகிறது, அல்லது ஆர்எஸ் வெயிலில் வாடிவிட்டது. எது என்று ரேடியேட்டர் சொன்ன வெப்பப் பட்டியல் சொல்லும்.

#18 எண்ணூர்_எக்ஸாஸ்ட்

கால் மைல் ஓட்ட இடம்? எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு ராத்திரி ரெண்டு மணிக்கு...

#19 மணலி_நியூட்டன்மீட்டர்

நிறுத்துங்க. அங்க ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் ட்ரெய்லர் வரிசை கட்டி நிக்கும், பாதிக்குப் பின் லைட்டே எரியாது. ரோட்டுல கடல் மணல் வேற. மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவு ரேஸுக்குன்னே இருக்கு.

தூரத்தைக் கணக்குப் பண்ணினாலே புரியும். 0-100-க்கு எம்340ஐ 70 மீட்டர், ஆர்எஸ் 100 மீட்டர். நிறுத்த 40. ஆனா கால் மைல் முடிவுல வேகம் 160-ஐத் தாண்டும். அதுலேர்ந்து முழு பிரேக்ல நிக்க நல்ல ரோட்லயே 110, 120 மீட்டர், பதட்டம் இல்லாம நிக்க அதுக்கு மூணு மடங்கு. முக்கால் கிலோமீட்டர் ஆள் இல்லாத நேர்கோடு வேணும்.

நம்ம பக்கத்துலயே அப்படி ஒண்ணு இருந்தது. செங்குன்றம் தாண்டி சோழவரம். ரெண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளம், தட்டையா, நேரா. 1990-ல இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வர்ற வரைக்கும் மெட்ராஸ் ரேஸ்னாலே சோழவரம்தான். இப்போ நாம பூந்தமல்லி தாண்டி அந்தக் கோடிக்குப் போகணும். ஒரு நல்லது, வண்டி போய்ச் சேரும்போது கியர்பாக்ஸ் சூடா இருக்கும்.

#20 கொருக்கு_டர்போ

எல்லாருக்கும் நன்றி. வரிசை போட்டுட்டேன். முந்தின நாள் வே பிரிட்ஜ், ரெண்டு வண்டிக்கும் ஒரே பங்க். ட்ராக்ல 25 ஹெர்ட்ஸ் பெட்டி, ரோல்-அவுட் ஆஃப். காலை ஏழு மணிக்கு முதல் ரன், ஒரு வண்டிக்கு அஞ்சு, மாத்தி மாத்தி, நடுவுல ஒரு சுத்து. 0-50, 0-100, 80-120 மூணும் ஒரே லாக்லேர்ந்து உரிக்கலாம்.

#21 வியாசை_விபாக்ஸ்

80-120-ஐ லாஞ்ச் லாக்லேர்ந்து உரிக்காதீங்க. அதுல கியர் மாறுற இடம் நடுவுல விழும், லோகோ சார் கேட்டது மூணாவது கியர்ல தனி ரன். அதோட அஞ்சுல சிறந்ததை எடுக்காதீங்க, நடு நம்பரை எடுங்க. சிறந்தது அதிர்ஷ்டம், நடு நம்பர்தான் வண்டி.

#22 கொருக்கு_டர்போ

சரிண்ணா, திருத்திடறேன். கடைசியா ஒண்ணு, ஆர்எஸ் முன் டயர்ல காத்தைக் குறைக்கலாமா? 225/40 ஆர்19, பக்கச் சுவர் ரொம்ப ஒல்லி.

#23 காசிமேடு_கன்ராட்

குறைச்சா கொஞ்சம் பிடிக்கும் நைனா, ஆனா 2 பிஎஸ்ஐ-க்கு மேல குறைக்காத. 40 சீரீஸ்ல அதுக்கு மேல குறைச்சா நடு ரப்பரு தூக்கிகினு ஓரத்துலதான் நிக்கும், பிடி குறையும். ரிம்மு வேற அடி வாங்கும். ஒப்பிடறதுதானே வேலை, முதல் மூணு ரன்னு கம்பெனி அளவுலயே போடு, கடைசி ரெண்டுல குறைச்சுப் பாரு, தனியா எழுதி வை.

வீட்டுக்குக் கிளம்பற முன்னாடி திருப்பி ஏத்திடு. டயரு சூடா கீற சொல்ல ஸ்டிக்கரு அளவைப் பாத்து ஏத்தாத, சூட்டுல 36 காட்டுறது ஆறுனா 32-தான். எவ்ளோ குறைச்சியோ அதே 2-ஐ மேல போடு, போதும். மறுநாள் காலைல ஆறின டயர்ல சரியா வெச்சுட்டு பிரஷர் மானிட்டரை செட் பண்ணிடு, இல்லாங்காட்டி மஞ்ச லைட்டு எரிஞ்சிகினே கெடக்கும்.